முன்னுருபும் பெயரீறும்: இலத்தீன் வேற்றுமை குறித்து ஒரு விளக்கம்

முன்னுரை

ஒரு மொழியைப் பேசுவோர் தாம் வழங்கும் ஒவ்வொரு சொல்லின் இலக்கணத்தையும் அறிந்தே வழங்குகின்றனர் என்று கூறுதற்கில்லை. அயன்மொழியினின்று வந்து வழங்கும் சொற்களுக்கு இவ்வுண்மை மேலும் பொருந்தும். 'போஸ்ட்மார்ட்டம்' என்னும் சொல்லை இன்று சிற்றூர்களிலும் கேட்கலாம். காலத்தைக் குறிக்கும்போது 'ஏ.எம்.', 'பி.எம்.' என்கிறோம். மன்றமோ கல்லூரியோ மீண்டும் கூடும் நாள் குறிக்காமல் ஒத்திவைக்கப்பட்டால் அதனைச் 'சைனி டை' என்றும், அலுவற் பயணத்துக்குரிய நாட்படியைப் 'பெர் டயம்' என்றும் அலுவலக வழக்கில் குறிப்பர். இவை யாவும் ஆங்கிலத்தின் வழியாக நம்மை வந்தடைந்த இலத்தீன் தொடர்களாகும்.

இவற்றுள் இறுதியாகக் கூறிய இரண்டும் நோக்கத்தக்கவை. 'டை' என்பதும் 'டயம்' என்பதும் வெவ்வேறு சொற்கள் அல்ல. நாள் என்னும் பொருளுடைய 'தியேஸ்' என்ற ஒரே பெயர்ச்சொல்லே 'சினெ' என்பதன் பின் 'தியே' என்றும், 'பெர்' என்பதன் பின் 'தியெம்' என்றும் ஈறு திரிந்து நிற்கிறது. ஒரு சொல் முன்னே வந்து நின்ற அளவில் அடுத்த சொல்லின் ஈறு மாறுவானேன்? அம்மாற்றத்தால் விளையும் பொருள் யாது? இவ்விரு வினாக்களுக்கும் தமிழ் மாணவர் நோக்கில் விடை காண்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இலத்தீன் சொற்களைத் தமிழ் எழுத்தால் எழுதும்போது வல்லின ஒலிப்பு வேறுபாடுகள் தோன்றா. ஆயினும் ஒரு நன்மை உண்டு. இலத்தீன் நெடுங்கணக்கு குறிலையும் நெடிலையும் தனித்தனி எழுத்தால் காட்டுவதில்லை. தமிழ் எழுத்தோ அவ்வேறுபாட்டைத் தெளிவாகக் காட்டும். இலத்தீன் வேற்றுமையில் குறில் நெடில் வேறுபாடே பலவிடத்துப் பொருள் வேறுபாடாதலின், இந்நன்மை சிறிதன்று.

நமக்கு முன்பே தெரிந்த விதி

பெயருக்கு முன் நின்று, அப்பெயருக்கும் பிற சொற்களுக்கும் உள்ள உறவைக் காட்டும் சொல்லை முன்னுருபு எனலாம். தமிழில் இப்பணியைச் செய்யும் சொற்கள் பெயருக்குப் பின்னே நிற்கும். பற்றி, குறித்து, நோக்கி, சுற்றி, முன், பின், உள், மேல், கீழ் முதலியன இத்தகையன.

இச்சொற்கள் தமக்கு முன்னுள்ள பெயரைத் தாம் விரும்பிய உருபோடுதான் ஏற்கும். 'நகரத்தைப் பற்றி' என்போம். 'நகரத்துக்குப் பற்றி' என யாரும் கூறார். 'மலையைச் சுற்றி' என்போம். 'மலைக்குச் சுற்றி' என்பது வழக்கன்று. 'ஊருக்கு முன்' என்பதில் நான்காம் வேற்றுமை உருபு வருகிறது. பற்றி, நோக்கி, சுற்றி ஆகியன ஐ உருபை வேண்டும். முன், பின், இடையே ஆகியன கு உருபை வேண்டும். இவ்விதியை எவரும் நமக்குப் பட்டியலிட்டுக் கற்பிக்கவில்லை. தாய்மொழியாதலின் இயல்பாகவே அறிந்துள்ளோம்.

மேலும் ஓர் எடுத்துக்காட்டு. 'மேசையின் மேல் விளக்கு இருக்கிறது' என்றால் விளக்கு மேசையைத் தொட்டு நிற்கிறது. 'மேசைக்கு மேல் விளக்கு தொங்குகிறது' என்றால் இடையே வெளி உண்டு. இரு தொடரிலும் 'மேல்' என்னும் சொல் ஒன்றே. அதற்கு முன்னுள்ள பெயரின் ஈறு மாறியதால் பொருள் மாறிற்று. இதனை மனத்திற்கொண்டால் இலத்தீன் முன்னுருபுகளின் இயல்பில் பாதியை உணர்ந்தவராவோம்.

ஆறு வேற்றுமையும் இரண்டு ஈறும்

தமிழில் வேற்றுமை எட்டு, இலத்தீனில் ஆறு. எழுவாய், உடைமை, கொடை, செயப்படுபொருள், விளி, நீக்கம் என அவற்றைப் பெயரிட்டுக் கொள்ளலாம். இவ்வாறனுள் இலத்தீன் முன்னுருபுகள் ஏற்பன பெரும்பாலும் இரண்டே. ஒன்று செயப்படுபொருள் வேற்றுமை. மற்றொன்று நீக்க வேற்றுமை. கொடை வேற்றுமை முன்னுருபை ஏற்பதில்லை. ஆதலின் கற்போர் உள்ளத்தில் இருத்த வேண்டிய ஈறுகளும் சிலவே.

இலத்தீன் பெயர்ச்சொற்கள் ஐந்து வாய்பாடுகளில் அடங்கும். ஒவ்வொன்றுக்கும் ஒரு சொல்லை எழுவாய், செயப்படுபொருள், நீக்கம் என்னும் வரிசையில் காண்போம்.

மேசை: மேன்ஸ, மேன்ஸம், மேன்ஸா.
தோட்டம்: ஹொர்துஸ், ஹொர்தும், ஹொர்தோ.
நகரம்: உர்ப்ஸ், உர்பெம், உர்பெ.
கை: மனுஸ், மனும், மனூ.
நாள்: தியேஸ், தியெம், தியே.

இவ்வைந்தையும் ஒருங்கே நோக்கின் ஓர் ஒழுங்கு புலனாகும். ஒருமையில் செயப்படுபொருள் வேற்றுமை மகர ஒற்றில் முடிகிறது. நீக்க வேற்றுமை உயிரில் முடிகிறது. பன்மையிலோ முன்னையது நெட்டுயிரை அடுத்த 'ஸ்' என்பதிலும், பின்னையது 'ஈஸ்' அல்லது 'புஸ்' என்பதிலும் முடியும். நடுப்பாற் பெயர்கள் மட்டும் இதற்கு விலக்கு. அவற்றில் எழுவாயும் செயப்படுபொருளும் ஒரே வடிவின. 'மரம் வெட்டினான்' என ஐ உருபின்றியும் அஃறிணைப் பெயரைச் செயப்படுபொருளாக வழங்கும் தமிழர்க்கு இது புதுமையன்று.

செயப்படுபொருள் வேற்றுமையை ஏற்கும் முன்னுருபுகளுள் சில: அத் (இடத்தை நோக்கி), அந்தெ (முன்), பொஸ்த் (பின்), பெர் (ஊடாக, தோறும்), திரான்ஸ் (கடந்து), இந்தெர் (இடையே), கொந்திரா (எதிராக), உல்திரா (அப்பால்). எனவே 'மொர்ஸ்' (சாவு) என்னும் பெயர் 'பொஸ்த்' என்பதன் பின் 'மொர்தெம்' ஆயிற்று. நம் ஊர்ப் போஸ்ட்மார்ட்டத்தின் இறுதியில் ஒலிக்கும் மகரம் இந்த வேற்றுமை ஈறே. 'மெரீதியேஸ்' (நண்பகல்) என்பது 'அந்தெ மெரீதியெம்' என்றும் 'பொஸ்த் மெரீதியெம்' என்றும் நின்று ஏ.எம்., பி.எம். எனச் சுருங்கிற்று.

நீக்க வேற்றுமையை ஏற்பன: அப் (அருகிலிருந்து), எக்ஸ் (உள்ளிருந்து), தே (மேலிருந்து, பற்றி), கும் (உடன்), சினெ (இன்றி), புரோ (பொருட்டு, முன்னே) முதலியன. பதவியின் வழியாக உறுப்பினராவோரை 'எக்ஸ் அஃபீசியோ' என்பதும், நடைமுறையில் உள்ளதை 'டி ஃபேக்டோ' என்பதும் இவ்வகையின. இரண்டும் நெடிலில் முடிதல் காண்க.

நீக்க வேற்றுமையின் மூன்று முகங்கள்

இங்கு ஓர் ஐயம் எழும். 'இருந்து', 'உடன்' என்னும் இருவேறு பொருள்களும் ஒரே ஈற்றை வேண்டுவது எங்ஙனம்? நீக்கமும் உடனிகழ்ச்சியும் ஒன்றுக்கொன்று மாறுபட்டவை அல்லவோ?

இதற்கு விடை அம்மொழியின் வரலாற்றில் உள்ளது. இலத்தீனுக்கு மூலமான தொல்மொழியில் நீக்கத்துக்கு ஒரு வேற்றுமையும், கருவிக்கும் உடனிகழ்ச்சிக்கும் ஒன்றும், இடத்துக்கு ஒன்றுமாக மூன்று தனித்தனியே இருந்தன. காலப்போக்கில் இம்மூன்றும் வடிவத்தால் ஒன்றாகிவிட்டன. தமிழ் வேற்றுமையொடு பொருத்தினால், இன் உருபின் ஐந்தாம் வேற்றுமையும், ஆல், ஒடு உருபுகளின் மூன்றாம் வேற்றுமையும், கண் உருபின் ஏழாம் வேற்றுமையும் ஒரே ஈற்றில் அடங்கியமை போன்றது இது. அப், எக்ஸ், தே ஆகியன நம் ஐந்தாம் வேற்றுமைப் பொருளுக்கும், கும் என்பது மூன்றாம் வேற்றுமைப் பொருளுக்கும், இடப்பொருளில் வரும் இன் என்பது ஏழாம் வேற்றுமைப் பொருளுக்கும் உரியன. ஈறு ஒன்றாகிப் பொருள் மூன்றாக நின்ற நிலையில், எப்பொருள் என்று தெளிவுறுத்தும் பணி முன்னுருபைச் சார்ந்தது.

இலத்தீன் 'இன்' என்பது முன்னுருபு. 'இல்', 'உள்' என்று பொருள்படும். தமிழ் 'இன்' என்பதோ ஐந்தாம் வேற்றுமையின் ஈற்றுருபு. ஒலியால் ஒத்தனவே ஒழிய இரண்டுக்கும் தொடர்பில்லை என்பதை மாணவர் மறத்தலாகாது.

இரு ஈறும் ஏற்கும் முன்னுருபுகள்

இலத்தீன் கற்போர் பெரிதும் தடுமாறும் இடம் இதுவே. 'இன்', 'சுப்' (கீழ்) என்னும் இரு முன்னுருபுகளும் செயப்படுபொருள் வேற்றுமையையும் ஏற்கும். நீக்க வேற்றுமையையும் ஏற்கும். 'இன் உர்பெம்' என்றால் நகருக்குள் என்பது பொருள். 'இன் உர்பெ' என்றால் நகரில் என்பது பொருள். முன்னது சென்று சேரும் இலக்கு. பின்னது இருக்கும் இடம். ஒரு மகர ஒற்றே இரண்டையும் பிரிக்கிறது.

'இயக்கம் இருப்பின் செயப்படுபொருள் ஈறு. இயக்கம் இன்றேல் நீக்க ஈறு' எனப் பல பாடநூல்கள் சுருங்கச் சொல்லும். இவ்விதி முழுதும் சரியன்று. 'தோட்டத்தில் உலாவுகிறான்' என்பதில் இயக்கம் உண்டு. எனினும் இலத்தீன் அதனை 'இன் ஹொர்தோ' என நீக்க ஈற்றாலேயே கூறும். உலாவுபவன் தோட்டத்தின் எல்லையைக் கடக்கவில்லை. தொடக்கமுதல் இறுதிவரை அதற்குள்ளேயே உள்ளான். வெளியிலிருந்து உள்ளே ஓடினால்தான் 'இன் ஹொர்தும்'. 'தோட்டத்தில் ஓடினான்', 'தோட்டத்துக்குள் ஓடினான்' என்று தமிழில் நாம் செய்யும் வேறுபாடும் இதுவே. ஆகவே இயக்கத்தைத் தேடாது, எல்லை கடந்து அடையும் இலக்கைத் தேடுக. 'மேசையில் வைத்தான்' என்பதற்கும் இலத்தீனில் நீக்க ஈறே வரும். வைத்தபின் பொருள் கிடக்கும் இடத்தை அவ்வினை கருதுகிறது. 'மேசைக்கு வைத்தான்' என்று நாமும் கூறுவதில்லை.

'சுப்' என்பதற்கும் இதுவே விதி. நுகத்தடியின் கீழ் நின்று உழும் எருது 'சுப் யுகோ' நிற்கிறது. கி.மு. 321இல் கௌதியக் கணவாயில் சாம்னியரிடம் சிக்கிய உரோமானியப் படையினர், நுகம் போல் அமைத்த ஈட்டிகளின் கீழே குனிந்து செல்லுமாறு செய்யப்பட்டனர். தோற்றவரை இவ்வாறு இழிவுறுத்துவதைக் குறிக்கும் தொடர் 'சுப் யுகும்' எனச் செயப்படுபொருள் ஈற்றில் வரும். நீதிமன்றத்தில் நிலுவையில் உள்ள வழக்கைச் 'சப் ஜூடிஸ்' என்கிறோம். அது நீதிபதியின்கீழ்க் கிடக்கும் நிலையாதலின் நீக்க ஈற்றில் நிற்கிறது. மூடிய அறையில் நடக்கும் விசாரணையை 'இன் கேமரா' என்பதும் அத்தகையதே.

இலக்கு என்னும் பொருள் விரிந்து பகை என்னும் பொருளையும் தரும். ஒருவனை நோக்கி எய்வது அவனுக்கு எதிரானதுதானே! கி.மு. 63இல் கட்டிலீனாவுக்கு எதிராகச் சிசரோ ஆற்றிய உரைகள் 'இன் கதிலீனம்' எனப் பெயர் பெற்றன; ஈறு மகர ஒற்று. அதற்கு அடுத்த ஆண்டில் ஆர்க்கியாஸ் என்னும் புலவர்க்காக அவர் வாதாடிய உரை 'புரோ ஆர்கியா' எனப்பட்டது, ஈறு நெட்டுயிர். எதிரியையும் நண்பரையும் முன்னுருபும் ஈறும் சேர்ந்தே அடையாளம் காட்டுகின்றன.

நகரும் நகரெல்லையும்

முன்னுருபு மாற்றத்தால் ஒருவரது வாழ்வே மாறிய நிகழ்ச்சி ஒன்று உரோமானிய வரலாற்றில் உண்டு. 'அத் உர்பெம்' என்றால் நகரை நோக்கி, நகரின் அருகே என்பது பொருள். அயல்நாட்டில் போர் முடித்துத் திரும்பிய தளபதி, தம் படை அதிகாரத்தோடு உரோமின் எல்லைக்கு வெளியே தங்கியிருத்தலைக் குறிக்கவும் இத்தொடர் வழங்கிற்று. வெற்றி உலா வேண்டும் தளபதி அவ்வாறு வெளியிலேயே காத்திருத்தல் வேண்டும். உலாவுக்கு முன் எல்லையைக் கடந்து 'இன் உர்பெம்' சென்றால் அவ்வதிகாரம் நீங்கும், உலாவும் கைகூடாது.

கி.மு. 60இல் இசுபானியப் பகுதியிலிருந்து திரும்பிய ஜூலியஸ் சீசர் இந்நிலையில் நின்றார். வெற்றி உலாவும் வேண்டும். கான்சல் பதவித் தேர்தலிலும் நிற்க வேண்டும். வேட்பாளர் நகருக்குள் நேரில் வருதல் வேண்டும் என்பது விதி. விலக்களிக்க வேண்டுமென அவர் விடுத்த கோரிக்கை, கேட்டோவின் எதிர்ப்பால் ஆட்சிமன்றத்தில் நிறைவேறவில்லை. சீசர் வெற்றி உலாவைக் கைவிட்டு நகருக்குள் நுழைந்தார், கி.மு. 59ஆம் ஆண்டுக்குரிய கான்சலாகத் தேர்வும் பெற்றார். 'அத்' என்பதற்கும் 'இன்' என்பதற்கும் இடைப்பட்ட தொலைவு சில அடிகளே. அதன் விலை ஒரு வெற்றி உலா.

தமிழர் இங்குச் செய்யக்கூடிய பிழை ஒன்றுண்டு. 'நகருக்குச் சென்றான்' என்பதிலும் 'நண்பனுக்குக் கொடுத்தான்' என்பதிலும் நாம் கு உருபையே வழங்குகிறோம். இலத்தீன் இவற்றைப் பிரிக்கும். கொடுத்தலுக்குக் கொடை வேற்றுமை போதும். செல்லுதலுக்கு முன்னுருபோடு கூடிய செயப்படுபொருள் வேற்றுமை வேண்டும்.

ஈறு தனித்தே பேசும் இடம்

முன்னுருபு இல்லையேல் ஈற்றுக்குப் பொருளில்லை என எண்ணலாகாது. வீடு என்னும் பொருளுடைய 'தொமுஸ்' என்ற சொல்லை நோக்குக. 'தொமும்' என்றால் வீட்டுக்கு. 'தொமோ' என்றால் வீட்டிலிருந்து. 'தொமீ' என்றால் வீட்டில். ஒன்றிலும் முன்னுருபு இல்லை. இவற்றுள் இறுதி வடிவம், வழக்கிறந்த பழைய இட வேற்றுமையின் எச்சமாகும். ஊர்ப்பெயர்களும் சிறு தீவுகளின் பெயர்களும் இவ்வாறே முன்னுருபின்றி வரும். நாட்டுப் பெயர்கள் முன்னுருபை வேண்டும்.

தமிழிலும் 'மதுரை சென்றான்' என்பது வழக்கே. ஆயினும் வேறுபாடு காண்க. தமிழில் உருபு தொக்கது. இலத்தீனில் முன்னுருபு இல்லை, ஈறோ நின்றது. இதனால் ஓர் உண்மை பெறப்படும். திசையையும் இடத்தையும் உணர்த்தும் ஆற்றல் தொடக்கத்தில் ஈற்றுக்கே உரியது. முன்னுருபு அதனைக் கூர்மைப்படுத்த வந்தது. 'இன் உர்பெம்' என்பதில் 'உள்' என்னும் பொருளை முன்னுருபும், 'நோக்கி' என்னும் பொருளை ஈறும் தருகின்றன.

அரபு மொழியோடு ஓர் ஒப்பீடு

அரபு பயிலும் நம் மாணவர்க்கு முன்னுருபும் ஈறும் புதியன அல்ல. 'அல்லாஹு அக்பர்' என்னுமிடத்து உகரத்தில் முடியும் திருப்பெயர், 'அல்ஹம்து லில்லாஹி' என்னுமிடத்து இகரத்தில் முடிகிறது. முன்னே வந்த 'லி' என்னும் ஜர்ரு எழுத்தே அதற்குக் காரணம். ஆனால் அரபியில் இத்தகைய முன்னுருபு எதுவாயினும் ஈறு ஒன்றே. 'ஃபில் பைத்தி' (வீட்டில்), 'இலல் பைத்தி' (வீட்டை நோக்கி), 'மினல் பைத்தி' (வீட்டிலிருந்து) ஆகிய மூன்றும் இகரத்தில் முடிகின்றன. அங்குப் பொருள் வேறுபாடு முழுவதையும் முன்னுருபே தாங்குகிறது. இலத்தீனிலோ இருவரும் சுமையைப் பகிர்ந்துகொள்கின்றனர். அரபு அறிந்த மாணவர் இலத்தீனுக்கு வரும்போது இவ்வேறுபாட்டை முதற்கண் உணர்தல் நலம்.

ஈறு தேய்ந்த வரலாறு

பகிர்ந்து சுமந்த இருவருள் ஒருவர் தளர்ந்தால் மற்றவரே முழுச்சுமையும் ஏற்க நேரும். இலத்தீனில் நிகழ்ந்ததும் அதுவே. பேச்சு வழக்கில் இறுதி மகரம் மெலிந்து மறைந்தது. பின்னர் குறில் நெடில் வேறுபாடும் அழிந்தது. 'மேன்ஸம்', 'மேன்ஸா' இரண்டும் ஒரே ஒலியின ஆயின.

கி.பி. 79இல் வெசூவியஸ் எரிமலையால் புதையுண்ட பொம்பெயி நகரின் சுவர்களில் இதன் தொடக்கத்தைக் காணலாம். தேர்தலில் ஒருவருக்கு ஆதரவு வேண்டிய சாத்தூர்னீனுஸ் என்பவர், தம் மாணாக்கரோடு சேர்ந்து கேட்பதாக எழுதுவித்த சுவர் அறிவிப்பு ஒன்று அங்குள்ளது. 'மாணாக்கருடன்' என்பதற்குக் 'கும் திஸ்கெந்திபுஸ்' என எழுதுதலே இலக்கணம். சுவரிலோ 'கும் திஸ்கெந்தேஸ்' எனச் செயப்படுபொருள் ஈறு உள்ளது. படித்தவர் பிழையென்பர், மொழி வரலாறோ, மக்கள் நாவில் ஈறுகள் தடுமாறத் தொடங்கியமைக்குரிய சான்று என்னும்.

இலத்தீனின் வழிமொழிகளான இத்தாலியம், பிரெஞ்சு, இசுபானியம், போர்த்துக்கீசியம் ஆகியவற்றில் பெயர்ச்சொற்கள் வேற்றுமை ஈறுகளை இழந்தன. முன்னுருபுகளே உறவுகளைக் காட்டலாயின. 'மேன்ஸ' என்பது போர்த்துக்கீசியத்தில் 'மேச' ஆயிற்று. அதுவே கடல் கடந்து தமிழில் 'மேசை' ஆயிற்று. தன் மொழியில் ஈறுகளை இழந்து வந்த அச்சொல்லுக்கு மேசையை, மேசைக்கு, மேசையில் எனத் தமிழ் தன் உருபுகளை அளித்து வாழ்வித்தது.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால் சில பெறப்படும். இலத்தீன் முன்னுருபைத் தனியே மனனம் செய்தலாகாது. அது வேண்டும் ஈற்றோடு சேர்த்தே ஒரு தொடராகக் கற்றல் வேண்டும். 'பெர் தியெம்', 'சினெ தியே', 'இன் உர்பெம்', 'இன் உர்பெ' என்றவாறு கற்றால் விதி தானே விளங்கும். இரு ஈறும் ஏற்கும் இடத்தில், எல்லை கடந்து சேரும் இலக்கு உண்டா என ஒரு வினா எழுப்பினால் போதும்.

தமிழ் மாணவர்க்கு இக்கல்வி எதற்கு எனச் சிலர் வினவக்கூடும். சீகன்பால்கு 1716இல் ஹாலே நகரில் வெளியிட்ட தமிழ் இலக்கணம் இலத்தீனில் அமைந்தது. 1738இல் தரங்கம்பாடியில் அச்சான வீரமாமுனிவரின் கொடுந்தமிழ் இலக்கணமும் இலத்தீனில் அமைந்ததே. திருக்குறளின் அறத்துப்பாலையும் பொருட்பாலையும் அவர் பெயர்த்ததும் அம்மொழியிலேயே. தமிழின் கு உருபும் கண் உருபும் அயலார்க்கு எவ்வாறு விளக்கப்பட்டன என்பதை மூலத்திலேயே கண்டு மதிப்பிட, ஒரு மகர ஒற்றின் பொருள் அறிந்த கண் வேண்டும். பிறர் மொழிபெயர்ப்பை மட்டுமே நம்பியிருப்போர்க்கு அம்மதிப்பீடு இயலாது.

நகருக்குள் என்பதற்கும் நகரில் என்பதற்கும் உள்ள வேறுபாட்டை இலத்தீன் ஓர் ஒற்றில் வைத்துள்ளது. தமிழ் ஓர் உருபில் வைத்துள்ளது. பிறமொழி ஈற்றை நுணுகி நோக்கப் பழகியவர், தம் மொழியின் உருபையும் அதே நுட்பத்தோடு நோக்குவர். தமிழிலக்கணம் பயில்வோர்க்கு இலத்தீன் தரும் முதற்பயன் இதுவேயாகும்.